ஆன்டிசோஷியல் ஆந்த்ராக்ஸ் பாட்டு இல்ல மச்சி

மச்சி,

போன்ல பேசினா நீ நடுவுல புகுந்து பேசுவ, என்னை முடிக்க விடமாட்ட, அதான் லெட்டராவே எழுதிட்டேன். ஊரே படிக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆந்த்ராக்ஸ்ங்கிற அமெரிக்க மெட்டல் பேண்டோட "ஆன்டிசோஷியல்" பாட்டைப் போட்டுட்டு "இந்த மாதிரி ஒரு மெட்டு அமெரிக்காக்காரனுக்குத்தான் வரும்"னு சொன்னியே, அன்னிக்கு வீட்ல ஆளுங்க இருந்தாங்கன்னு சும்மா விட்டேன்.

அது ஆந்த்ராக்ஸ் பாட்டே இல்லடா. அவனுங்க 1988ல ஸ்டேட் ஆஃப் யூஃபோரியா ஆல்பத்துல பாடினது கவர், அதாவது அடுத்தவன் பாட்டைத் திரும்பப் பாடினது. ஒரிஜினல் ட்ரஸ்ட்னு ஒரு ஃப்ரெஞ்ச் பேண்டோடது, 1980ல வந்த ரெப்ரெஸியோன் ஆல்பத்துல முதல் பாட்டு. பாரிஸை ஒட்டி நாந்தேர்னு ஒரு ஊர், பாடுற பெர்னி பான்வாஸான் அந்தப் பக்கத்து ஆளு. கிட்டார் நோர்பெர் க்ரியேஃப், ஆனா எல்லாருக்கும் அவரு நோனோதான். நீ விசில் அடிச்சுக்கிட்டே திரியுற அந்த மெட்டு நோனோ கையில இருந்து வந்தது.

ட்ரஸ்ட்னாலே எல்லாரும் அரசியல், கோபம், போலீஸுன்னுதான் பேசுவாங்க. இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு ஃப்ரெஞ்ச்ல போன்ஷூர் தாண்டி ஒண்ணும் தெரியாத காலத்துலயே இந்த ஆல்பம் புடிச்சுதுன்னா அது நோனோவாலதான். அந்த ஆரம்ப மெட்டை கவனி, வேகமா வாசிக்கணும்னு ஒரு அவசரமே இல்ல, வாயால பாடுற மாதிரி வாசிக்கிறாரு. அதனாலதான் கச்சேரில ஜனங்க வரி வர்ற வரைக்கும் காத்திருக்கிறதே இல்ல, கிட்டார் கூடவே "ஓஓஓ"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க.

அப்புறம் வரிகளோட அர்த்தம் தேடிப் பாத்தேன், அங்கதான் நான் ஏமாந்துட்டேன். "நான் ஆன்டிசோஷியல்டா, ஊரோட ஒட்டாதவன்டா"ன்னு காலரைத் தூக்கிவிடுற பாட்டுன்னுதானே நீயும் நினைச்சுட்டு இருக்க? இல்ல. பூரா "நீ நீ"ன்னு எதிர்ல இருக்கிறவனைப் பாத்துப் பாடுறான். வாழ்நாள் முழுக்க உழைச்சு கடைசில தன் கல்லறைக் கல்லுக்குக் காசு கட்டுறவன், பேப்பர்ல மூஞ்சியை மறைச்சுக்கிறவன், மெட்ரோ வழியில ரோபோ மாதிரி நடக்கிறவன், அவனைத்தான் ஆன்டிசோஷியல்ங்கிறான் பெர்னி. அதாவது மச்சி, காலைல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆபீஸ் போற உன்னையும் என்னையும்.

மத்த பாட்டும் சும்மா இல்ல. "முஸ்யூ கோமெடி"னு ஒண்ணு, ஈரான் புரட்சித் தலைவர் கொமேனியைத்தான் பேரைத் திரிச்சுக் கிண்டல் பண்றான், அந்த ஆளு ஈரானுக்குத் திரும்புறதுக்கு முன்னாடி பாரிஸ் பக்கத்துல நோஃப்ல் லெ ஷாத்தோங்கிற கிராமத்துலதான் உக்காந்திருந்தாரு, 1978-79ல. "லெ மித்தார்"னு இன்னொண்ணு, ஜெயில்ல தண்டனையா அடைக்கிற தனிக் கொட்டடிக்கு அவங்க சொல்ற பேரு அது. அந்த வரிகள் ஜாக் மெஸ்ரின் எழுதினது, ஆமா, பேங்க் கொள்ளை, ஜெயில்ல இருந்து தப்பிக்கிறதுன்னு பேப்பர்ல தினம் வந்த அதே ஆளு. 1979 நவம்பர் 2ந் தேதி பாரிஸ்ல நடுரோட்டுல போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்னுச்சு, அடுத்த வருஷமே இந்த ஆல்பம். அவனை ஹீரோ ஆக்கினது எனக்கு ஒப்பலதான், ஆனா அந்தப் பாட்டைப் பாதியில நிறுத்த முடியல.

ஏசி/டிசி பேண்டு பைத்தியம் நீ, உனக்குன்னே ஒரு விஷயம் வெச்சிருக்கேன். அதுல பாடின பான் ஸ்காட்டும் இந்த ட்ரஸ்ட் ஆளுங்களும் ஃப்ரெண்ட்ஸ். ட்ரஸ்ட் முதல் ஆல்பத்துலயே ஏசி/டிசியோட "ரைட் ஆன்" பாடியிருக்காங்க. 1980 பிப்ரவரி 13, லண்டன் ஸ்டூடியோல இவங்க ரெக்கார்டிங்ல இருக்கப்போ பான் வந்து அதே "ரைட் ஆன்" சேர்ந்து பாடிட்டுப் போறாரு. 19ந் தேதி பான் செத்துட்டாரு. 33 வயசு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு பெர்னி குரலைக் கேளு, அந்தக் கரகரப்பும் வார்த்தையைத் துப்புற மாதிரி விடுற தினுசும் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும்.

இங்கிலீஷ்லயும் அதே ஆல்பம் இருக்கு, ஷாம் 69 பேண்டோட ஜிம்மி பர்ஸி வரிகளை மாத்திக் குடுத்தாரு. தயவுசெஞ்சு அதுல ஆரம்பிக்காத. மெட்டு அதேதான், ஆனா பெர்னி அடுத்தவன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்காரு. ஆந்த்ராக்ஸே ஒருதடவை இதை ஃப்ரெஞ்ச்லயும் பாடிப் பாத்தானுங்க தெரியுமா, 1989ல வந்த ஒரு ஈபில, அதாவது குட்டி ஆல்பத்துல இருக்கு, அதுலயே ட்ரஸ்டோட "ஸெக்ட்ஸ்"ம் இருக்கு. ரெண்டு பாட்டு எடுத்திருக்கான்னா சும்மாவா.

உன் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். டிரம்ஸ் அடி ஆந்த்ராக்ஸ்ல இன்னும் கனம், அங்க பாடுற பெல்லடோனா குரலும் சுத்தம். ரெப்ரெஸியோன் சவுண்டு கொஞ்சம் வறண்டுதான் கிடக்கும், பேஸ் கம்மி. (டிரம்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம டிரம்மர் நிக்கோ மெக்ப்ரெயின் அயர்ன் மெய்டன் பேண்டுக்குப் போறதுக்கு முன்னாடி ட்ரஸ்ட்லதான் வாசிச்சாரு, மெய்டன்ல இருந்து வெளிய வந்த டிரம்மர் கிளைவ் பர் ட்ரஸ்டுக்கு வந்தாரு. மாத்து மாத்துக் கல்யாணம் மாதிரி.)

ஃப்ரெஞ்ச் வெர்ஷன் லிங்க் வாட்ஸப்ல போட்டுட்டேன். ஸ்பீக்கர்ல கேளு, போன்ல கேக்காத. கேட்டு முடிச்சதும் ஞாயித்துக்கிழமை சொன்ன அந்த அமெரிக்கா டயலாக்கை ஒருதடவை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பு பாப்போம்.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சு