இலை எடையும் அவசர ரிவ்யூவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே கோவை கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தருவதைக் கோட் ரிவ்யூ என்போம். அதை ஐந்து நிமிடத்தில் மேலோட்டமாகப் பார்த்து அனுப்புவதா, உட்கார்ந்து ஆராய்வதா என்ற இழுபறி எங்களுக்குத் தினமும் உண்டு. இது எங்கள் வேலைப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு இலை எடை போட மென்பொருள் செய்து கொடுத்தோம். புதிதாக எழுதவில்லை, முன்பு ஒரு பெரிய எஸ்டேட்டுக்குச் செய்ததையே கொஞ்சம் மாற்றினோம். அங்கே லாரியோடு எடை, கிலோவுக்குக் கீழே வரும் கிராமை விட்டுவிடுவார்கள், யாருக்கும் அது பெரிதில்லை. இங்கே வருவதோ சிறு விவசாயிகள், மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மாற்றத்தைப் பார்த்து ஓகே சொன்னது நான்தான். மாறிய வரிகளை மட்டும் படித்தேன், கிராமை வெட்டிவிடும் பழைய வரி மாறாமல் கிடந்ததைப் படிக்கவில்லை, அது இங்கே ஒவ்வொரு மூட்டையிலும் கிராமை வெட்டியது. இரண்டு வாரம் கழித்து ஃபேக்டரிக்குப் போயிருந்தபோது ஒரு அம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். 14.7, 12.8, 15.6 என்று மூன்று மூட்டை, மொத்தம் 43.1 கிலோ. எங்கள் ரசீதில் 41. "தம்பி, ரெண்டு கிலோ எங்க போச்சு?" என்று கேட்டார், எனக்கு வார்த்தை வரவில்லை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி சுமார் 40 நொடியில் சிதறியதும் இதே வகைத் தவறுதான். அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில், அதாவது பெரிய பெட்டியில் இருப்பதைச் சின்னப் பெட்டியில், அடைக்கும் கட்டம் அதில் இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது, புதியதில் வந்தது, இடம் கொள்ளாமல் நிரல் நின்றுபோனது. இத்தனைக்கும் கிளம்பிய பிறகு அந்தப் பகுதிக்கு வேலையே கிடையாது! முன்பு ஓடியதுதானே என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்.

எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஆராய வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டன் நிறம் மாறினால் ஒரு பார்வை போதும், அதற்கெல்லாம் கூட்டம் போட்டு இழுத்தால் ஏப்ரல், மே மாதம் இலை குவியும்போது மென்பொருள் கையில் இருக்காது. ஆனால் எடை, கூலி, மருந்தளவு, இப்போது ஊட்டிக்கு வருகிறவர்கள் எடுக்கும் இ-பாஸ் மாதிரி மக்களை நேரடியாகத் தொடுகிற எதுவானாலும் அவசரப் பார்வை கூடவே கூடாது. எது எந்த வகை என்று வேலை தொடங்கும்போதே முடிவு செய்யவேண்டும், கடைசி நாள் சாயங்காலம் இல்லை. அப்புறம், படிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதுங்கள் என்று மேனேஜர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆயிரம் வரியை ஒரே மூச்சில் அனுப்பி அரை மணியில் ஒப்புதல் கேட்டால் யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது.

மென்பொருள் வாங்கும் ஃபேக்டரிக்காரர்களும் விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எழுதியவர் தவிர வேறு யார் இதை முழுசாகப் படித்தார்கள், நம்ம ஊர் மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்தார்களா?

அந்த அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் விடுபட்ட எடையைக் கணக்குப் பார்த்து, பணம் கொடுத்தாகிவிட்டது. ரசீது சரியாக வந்தாலும் அவர் இன்னும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி