கடைசி இலக்கத்தை விட்டுவையுங்கள்

மாவட்ட அலுவலகத்தில் கல்வி உதவித்தொகைப் பட்டியலைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

இந்த முறையும் 'கணக்கு எண் தவறு' என்று ஒரு பட்டியல் திரும்பி வந்திருக்கிறது. 'பள்ளிகள் கவனமாகத் தட்டச்சு செய்யவும்' என்ற வழக்கமான அறிவுரையும் கூடவே வந்திருக்கிறது. திரும்பி வந்த எண்களை நீங்களே ஒருமுறை பாருங்கள். எல்லாமே 16 இலக்கம், எல்லாமே பூஜ்யத்தில் முடிகின்றன. ஸ்டேட் வங்கியின் 11 இலக்கக் கணக்கு உள்ள ஒரு பிள்ளைகூட அதில் இல்லை. கை தவறினால் இவ்வளவு ஒழுங்காகவா தவறும்?

எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். அதனால்தான் நாங்கள் அந்தக் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' (எண்ணாக அல்ல, வெறும் எழுத்தாக) என்று மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்கிறோம். நீங்கள் கேட்பதோ சிஎஸ்வி கோப்பு, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து மட்டும் வைக்கும் கோப்பு. டெக்ஸ்ட், எண் என்ற அடையாளம் எதுவும் அதில் தங்காது. டபுள் கிளிக் செய்து திறந்தால் 1.23E+15 என்கிற மாதிரி ஏதோ தெரியும். அதை 'நம்பர்' என்று மாற்றி, சேமித்து, மேலே அனுப்பிவிடுகிறீர்கள். அப்புறம் என்ன செய்தாலும் போன இலக்கம் திரும்பாது.

எங்கள் பள்ளியில் அக்கா தங்கை இருவர் படிக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே வங்கியில் கணக்கு தொடங்கியவர்கள். ஒருத்திக்குக் கடைசி இலக்கம் 3, இன்னொருத்திக்கு 4. மற்ற 15 இலக்கமும் ஒன்றுதான். உங்கள் பட்டியலில் இரண்டும் பூஜ்யமாகி, இருவருக்கும் ஒரே கணக்கு என்றாகிவிட்டது. 'இரட்டைப் பதிவு' என்று இரண்டு பெயரையும் நீக்கிவிட்டார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்டை விட்டுவிட்டு அவர்களுடைய அம்மா பாஸ்புக்கோடு வங்கிக்குப் போனார். "கணக்கு சரியாத்தான் இருக்கு, ஸ்கூல்ல கேளுங்க" என்றார்கள். நாங்கள் உங்களிடம் அனுப்பினோம். அங்கே, "ஒரே கணக்குல ரெண்டு தடவை வாங்கப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைய கூலியும் போய், கெட்ட பெயரும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கணக்கு எண் டெக்ஸ்டாகவே வந்து டெக்ஸ்டாகவே போகட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். அதே வழியில் நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்குப் பூஜ்யத்தில் முடியும் கணக்கு எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள் என்று வங்கியில் மனு போடலாம். சுற்றறிக்கை ஒன்று அனுப்பினால் அதையும் செய்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்யாமல், 'டேட்டா' மெனு வழியாக உள்ளே எடுத்து, கணக்கு எண்ணுக்கு 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். இந்தத் தானியங்கி மாற்றத்தையே நிறுத்திவைக்கும் வசதி எக்செலின் புதிய பதிப்புகளில் 2023 முதல் இருக்கிறது. அல்லது எங்கள் எக்செல் கோப்பையே அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் சரி, கணக்கு எண் டெக்ஸ்டாகவே இருக்கட்டும்.

அந்த இரு பிள்ளைகளின் பாஸ்புக் ஜெராக்ஸை மறுபடியும் இணைத்திருக்கிறேன். அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்காமல் அவர்கள் பெயரைச் சேர்த்து, அந்த அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி அலுவலகத்தில் பட்டியல் தயாரிப்பவர்