முடிவுப் பட்டியலில் உன் இடம்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு வரி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "குளிர்காலம் முழுக்க இருட்டில் எழுந்து சைக்கிள் மிதித்ததெல்லாம் பட்டியலின் அடியில் பெயர் வரத்தானா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவுப் பட்டியல் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: முடிவுக் கோட்டை யார் எந்த வரிசையில் தாண்டினார்கள் என்பதை. காற்றில் யார் எவ்வளவு நேரம் முகம் கொடுத்தார்கள் என்பதை அது சொல்லாது. சாலைப் பந்தயத்தில் பாதிக்கு மேல் அந்தக் காற்றுதான். நீ எழுதியனுப்பிய பந்தயங்களை நான் அப்படித்தான் படித்தேன். ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் இருந்தாய், காற்று எந்தப் பக்கம், உன் முன்னால் யாருடைய சக்கரம் இருந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படிப் பார்த்தால் உன் சீசன் நன்றாகத் தொடங்கியிருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியில் கூடுகிறது. அதாவது வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி தர வேண்டும். சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது உன் கால்கள் தருவதில் பெரும் பகுதி காற்றுக்கே போய்விடுகிறது. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினாலே மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் நடுவில் போய்விட்டால் கதையே வேறு. 2018-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனும் அவர் குழுவும் 121 பேர் கொண்ட பெலட்டானை, அதாவது ஒன்றாக ஓட்டும் பெரிய கூட்டத்தை, காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நன்றாக ஒளிந்திருப்பவர்கள் மேல் படும் காற்றெதிர்ப்பு, தனியாக ஓட்டுபவர் மேல் படுவதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள்.

இதைப் படித்ததும் "அப்போ பின்னாலேயே இருந்துவிடலாமே" என்று உனக்குத் தோன்றும். ஆனால் உன் முதல் பந்தயத்தில் நீ கூட்டத்திலிருந்து கழன்றதே பின்னால் இருந்ததால்தான்.

திறந்தவெளிச் சாலை, ஒரு திருப்பத்துக்குப் பிறகு காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது, ஐந்து நிமிடத்தில் கூட்டம் மூன்றாக அறுந்துபோனது என்று எழுதியிருந்தாய். கால் வலுவில்லை என்று நினைத்திருக்கிறாய். அது கால் விஷயமே இல்லை. பக்கக்காற்றில் ஒளிவதற்கான இடம் நேர் பின்னால் இருக்காது. காற்று இடமிருந்து வந்தால் முன்னால் இருப்பவரின் வலப்பக்கமாகச் சற்றே பின்தள்ளித்தான் இருக்கும். அதனால் முன்னணியில் இருக்கும் தேர்ந்தவர்கள் சாலையின் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை சாய்வாக ஒரு வரிசை போடுவார்கள். எஷலான் என்பது அதுதான். சாலையின் அகலத்தில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் அங்கே காற்றிலிருந்து நிழல். மிச்சப் பேர் எல்லாரும் வல ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில், நேர்வரிசையாகத் தொங்குவார்கள். முன்னால் ஆள் இருந்தும் நிழல் கிடையாது. அங்கே ஒவ்வொருவரும் தனியாக ஓட்டுவதற்குச் சமம். யாரோ ஒருவர் ஒரு சக்கர இடைவெளி விட்டால் போதும், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் பந்தயத்திலிருந்து போனார்கள்.

எனவே அந்தத் திருப்பம் வருவதற்கு முன்பே முதல் இருபது பேருக்குள் வந்திருக்க வேண்டும். திரும்பிய பிறகு முன்னேற முயன்றால் இரண்டு மடங்கு செலவாகும், இடமும் கிடைக்காது. முதல் வரிசையில் இடமில்லை என்று தெரிந்துவிட்டால் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்காதே. பக்கத்தில் இருப்பவர்களை, எதிரணியாக இருந்தாலும், கூப்பிட்டு உடனே இரண்டாவது வரிசை ஒன்றைப் போடு. வரிசையில் மாறி மாறி முன்னால் வரும்போது, முன்னால் இருந்தவர் காற்று வரும் பக்கமாகத்தான் விலகிப் பின்வாங்க வேண்டும், எதிர்ப்பக்கம் விலகினால் வரிசை முழுதும் குலையும். இதையெல்லாம் சமவெளிக் காற்றில் பலமுறை அறுந்து அறுந்துதான் எல்லாரும் கற்கிறார்கள். பயிற்சியில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் இது வராது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு முண்டும்போதுதான் வரும்.

சீசன் தொடக்கத்துப் பந்தயங்களை நான் மதிப்பதற்குக் காரணமே இதுதான். குளிர்காலத்தில் நீ செய்தது நீண்ட, நிதானமான சவாரி. அது உன் அடித்தளம், வீண் போகவில்லை. ஆனால் பந்தயம் கேட்பது வேறு: இருபது வினாடி முழு மூச்சு, அரை நிமிட ஓய்வு, மறுபடியும் முழு மூச்சு, இப்படி இரண்டு மணி நேரம். உடல் அதைப் பந்தயத்தில்தான் பழகும். முதல் சில வாரங்களில் எல்லாருக்கும் தொண்டை எரியும், கால் கனக்கும். இப்போது உன்னைத் தாண்டிப் போகிறவர்களில் சிலர் உன்னைவிட வலுவானவர்கள் இல்லை. உனக்கு முன்பே பந்தயம் ஓட ஆரம்பித்தவர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவதாக ஓட்டிய சர்க்யூட் பந்தயத்தை, ஒரே தடத்தைப் பலமுறை சுற்றும் அதை, பற்றி நீ எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது, விழுந்ததைத் தவிர. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வலித்தது என்று நீயே கண்டுபிடித்திருக்கிறாய். கூட்டம் வளைவுகளில் துருத்தி மாதிரி சுருங்கி விரியும். முன்னால் இருப்பவர் வேகம் குறையாமல் வளைந்து போய்விடுவார், நாற்பதாவது ஆள் பிரேக் பிடித்து நின்று, பிறகு எழுந்து நின்று மிதித்துப் பிடிக்க வேண்டும். சுற்றுக்கு நான்கு வளைவு என்றால் மொத்தப் பந்தயத்தில் எத்தனை ஸ்பிரிண்ட், எத்தனை முழுவேகப் பாய்ச்சல் ஆகிறது என்று யோசித்துப் பார். முன்னால் நிற்பதற்கு ஒருமுறை செலவழிப்பது மலிவு.

விழுந்ததைப் பற்றி நீ இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதாது. முன்னால் போன பெண்ணின் பின்சக்கரத்தை ஒட்டி உன் முன்சக்கரம் இருந்ததா, நேர் பின்னால் இருந்ததா? பக்கவாட்டில் சக்கரங்கள் உரசும் அளவு உள்ளே போயிருந்தால், அவள் சற்றே நகர்ந்தாலும் விழுவது நீதான், அவள் விழமாட்டாள். பின்னால் இருப்பவருக்குத்தான் திசை போகும். சக்கரத்தைப் பிடிக்கும்போது அதையே முறைத்துப் பார்க்காதே, முன்னால் நான்கைந்து பேருக்கு அப்பால் பார். பிரேக் பக்கம் விரல் இருக்கட்டும், ஆனால் திடீரென்று அழுத்தாதே.

ஹெல்மெட் சாலையில் மோதியதாகச் சொன்னாய். உடனே புதிது வாங்கு. வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார், தலையில் அடிபட்டு மறுநாள் இறந்துபோனார். அந்த ஆண்டேதான் சர்வதேச சைக்கிள் சங்கம் தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. கிவிலெவ் உலகத் தரத்தில் ஓட்டியவர். சீசன் தொடக்கத்தில் எல்லாரும் பதற்றமாக இருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முன்னால் வர வேண்டியிருக்கும், அதனால் விபத்தும் கூடும். இதை நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் போனுக்காகக் காத்திருக்கிறேன்.

இனி நீ மிகவும் வருந்துகிற அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு வருகிறேன். உன் அணித் தோழி மூன்றாவதாக வந்தாள், நீ நாற்பதுக்கும் கீழே போனாய். நீ எழுதியதை வைத்து நான் புரிந்துகொண்டது இது: பாதி வழியில் அவளுக்குத் தண்ணீர் தீர்ந்தபோது உன் பாட்டிலைக் கொடுத்தாய். கூட்டத்திலிருந்து தப்பி முன்னால் போயிருந்த இருவரைப் பிடிக்க, மற்ற அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், முன்னால் போய்க் காற்றை நீ வாங்கிக் கூட்டத்தை இழுத்தாய். கடைசி இரண்டு சுற்றுகளில் அவளை உன் பின்னால் வைத்துக்கொண்டு வெளிப்பக்கமாக மேலே கொண்டுவந்து விட்டாய். அதோடு உன் கால் முடிந்துவிட்டது, கூட்டம் உன்னைத் தாண்டிப் போய்விட்டது.

கண்ணம்மா, இதைவிட நல்ல பந்தயத்தை முதல் சீசனில் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்றாம் இடத்தில் உன் பங்கை உன் தோழி அறிவாள், உன் பயிற்சியாளர் அறிவார். கடைசி இரண்டு சுற்றில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அவளிடம் கேட்டுப் பார், உன் பின்னால் ஒளிந்திருந்ததால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நான் அணியில் ஓட்டிய காலத்தில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்த நாட்கள் இப்படிப்பட்டவைதான். என் பெயர் எங்கே இருந்தது என்று இன்று நினைவில்லை. யாருக்காக இழுத்தேன், எந்த மேட்டில் விலகினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

எப்போதும் மற்றவர்களுக்காகவே ஓட்டு என்று நான் சொல்வதாக நினைக்காதே. உன் நாளும் வரும், அன்று அவள் உனக்காக இழுப்பாள், இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் அணிக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கேள். உழைப்பு ஒரே பக்கம் ஓடினால் அது அணியில்லை.

அந்தப் பந்தயத்தில் ஒரு சின்ன விஷயத்தை நீ பெரிதாகச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிது. முன்னால் போனவர் ஒருவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, இல்லை, இருவர் என்று நீதான் சொன்னாய். இதன் மதிப்பு என்னவென்று 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலைப் பந்தயம் காட்டியது. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. 137 கிலோமீட்டர் பந்தயம் தொடங்கியதுமே தப்பிப் போனார், வேறு சிலரும் சேர்ந்து ஐந்து பேர் ஆனார்கள். கடைசி 40 கிலோமீட்டர் அளவுக்கு அவர் தனியாக ஓட்டினார். பின்னால் வந்த கூட்டம், அவருடன் போனவர்களைப் பிடித்ததும் எல்லாரையும் பிடித்துவிட்டோம் என்று எண்ணியது. ஒலிம்பிக்கில் அணியோடு பேசக் காதில் ரேடியோ கிடையாது. இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தங்கம் வென்றுவிட்டதாகவே நினைத்துக் கையை உயர்த்தினார். கீசன்ஹோஃபர் அதற்கு 75 வினாடி முன்பே வந்திருந்தார். உலகின் தலைசிறந்தவர்களே எண்ணத் தவறிய இடத்தில் நீ எண்ணியிருக்கிறாய். உங்களுக்கும் ரேடியோ இல்லை. இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.

அப்புறம், சாப்பாடு. கடைசி இருபது நிமிடத்தில் கண் இருட்டியது என்று எழுதியிருந்தாயே, அது பலவீனமில்லை, எரிபொருள் தீர்ந்தது. தசையில் சேமித்த சர்க்கரை கடும் ஓட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை கார்போஹைட்ரேட் உள்ளே போக வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் அரை மணியிலேயே தொடங்கு. வயிறும் பழக வேண்டும், அதனால் பயிற்சி நாட்களிலும் அதே அளவைச் சாப்பிட்டுப் பார்.

குளிரை அலட்சியம் செய்யாதே. 1980-இல் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் என்ற பெல்ஜியப் பந்தயம் பனிப்புயலில் நடந்தபோது 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முந்தி வென்ற பெர்னார் இனோவுக்கே விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் நிறுத்திக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை.

அடுத்த பந்தயத்தின் வழித்தட வரைபடம் வந்ததும் அனுப்பு. முந்தின நாள் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, எந்தத் திருப்பத்துக்கு முன்னால் மேலே வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து குறித்துவைப்போம். முழங்கைச் சிராய்ப்பைத் தினமும் கழுவிச் சுத்தமாக மூடி வை, காயவிட்டால் ஆறும் என்று திறந்து போடாதே. புது ஹெல்மெட் வாங்கியதும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா