கூட்ட அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துத் தாருங்கள்

பெங்களூரின் ஐந்து மாநகராட்சி ஆணையர்களுக்கும், வார்டு கூட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வார்டு கூட்ட அறிவிப்பில், வருகிறவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். மூன்று வயதில் போலியோ வந்து, காலில் மாட்டும் காலிப்பரும் ஊன்றுகோலுமாக நாற்பது வருஷம் நடந்தவள் நான். தோள்மூட்டு தேய்ந்துபோனதால் இப்போது வீல்சேர். இந்தக் கடிதத்தைக் கன்னடத்திலும் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்பி டவுனிலும் விவேக்நகரிலும் இருக்கிற என்னைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வார்டிலும் கேட்க வேண்டும் என்பதுதான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த வார்டு, எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களைப் போன்றவர்கள் வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் சாக்கடை மேல் போட்ட கல் பலகைகள் உடைந்து கிடந்தன. அதைப் பற்றிப் பேச வார்டு கூட்டத்துக்குக் கிளம்பினோம். நான், பார்வை போய்விட்ட பக்கத்து வீட்டுத் தாத்தா, பிறவியிலேயே காது கேளாத தையல்காரர் ஒருவர். கூட்டம் இருக்கிறது என்பதே தாத்தாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். அறிவிப்பு வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்திருந்தது. அவருடைய போன் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும், ஆனால் அந்தப் படத்தை அதனால் படிக்க முடியவில்லை.

கூட்டம் முதல் மாடியில். லிஃப்ட் இல்லை. "நாலு பேர் தூக்கி விட்டுடறோம்மா" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், நானும் சரி என்றேன். வீல்சேரோடு படியில் தூக்கும்போது உடம்பு பின்பக்கமாகச் சாயும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. முன்பின் தெரியாத ஆண்கள் நான்கு பேரின் கையில் உயிரையும் சேலையையும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மேலே போய்ச் சேர்ந்த பிறகு பேச வந்த விஷயமே மறந்துவிடுகிறது. இறங்குவது எப்படி என்ற ஒரே நினைப்பு. கழிப்பறை எப்படி இருக்குமோ என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருந்தேன். இதையெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தில் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார்கள். "இங்கேயிருந்து இது வரைக்கும்" என்று கையை நீட்டிச் சொன்னார்கள். தாத்தா என் பக்கம் குனிந்து, "எங்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தையல்காரர் ஒவ்வொருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசினால் எந்த உதட்டைப் பார்ப்பது? முடிந்து வெளியே வந்ததும் என் நோட்டில் எழுதிக் கேட்டார்: "நம்ம தெருவைப் பத்திப் பேசினாங்களா?"

பேசினார்கள். முடிவும் எடுத்துவிட்டார்கள். நடைபாதையில் பைக் ஏறாமலிருக்க இரும்புக் கம்பங்கள் நடுவதென்று. இரண்டு கம்பத்துக்கு நடுவில் 90 சென்டிமீட்டராவது இடம் விட்டால்தான் வீல்சேர் தாராளமாகப் போகும். அதைச் சொல்ல நான் கையைத் தூக்குவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் செலவே இல்லாமல் சரியாகியிருக்கும் வேலை அது.

2020 செப்டம்பரில் பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின், கவுன்சிலர் இல்லாமலே இந்த ஊர் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தும் விட்டது. நடைபாதை, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று எதுவானாலும் நேரில் சொல்ல எங்களுக்கு இருப்பது வார்டு கூட்டம்தான். உடைந்த நடைபாதையால் எல்லோரையும்விட அதிகமாகக் கஷ்டப்படுகிறவர்கள் அந்த அறைக்குள் வர முடியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, எங்களுக்குத் தேவையான, பொருத்தமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருஷம் கெடு கொடுத்தது. அது 2022-இல் முடிந்துவிட்டது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் எனக்குச் சட்டத்தைவிட நம்பிக்கை தந்தது 2023 சட்டமன்றத் தேர்தல். 80 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களும் முன்கூட்டியே படிவம் 12டி கொடுத்தால், அதிகாரிகள் வீடு தேடி வந்து வாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். வாக்குச்சாவடிக்குப் போக விரும்பியவர்களுக்குச் சாய்தளமும் வீல்சேரும் ஏற்பாடு செய்தார்கள். இதே ஊரில், இதே அரசு ஊழியர்கள்தான் செய்தார்கள். முன்னாலேயே கேட்டார்கள், அதனால் செய்ய முடிந்தது.

நான் கேட்பதும் அதுதான். முன்னாலேயே கேளுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது அறிவிப்பு கொடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரைக் காலையில் கூப்பிட்டு மாலையில் வரவழைக்க முடியாது. இந்திய சைகை மொழி தெரிந்த ஒருவர் வந்தால், வீட்டில் பேசுவது தமிழோ கன்னடமோ உருதோ எதுவானாலும், சைகை மொழி அறிந்த காது கேளாதவர்கள் கூட்டத்தைப் பின்தொடரலாம். அது தெரியாதவருக்காகப் பேசுவதை ஒருவர் எழுதிக் காட்டலாம். அறிவிப்பையும் கூட்டக் குறிப்பையும் புகைப்படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பினால் தாத்தா தானே கேட்டுக்கொள்வார். படம் காட்டும்போது "இங்கே" என்பதற்குப் பதிலாகத் தெருப் பெயரைச் சொன்னால் போதும்.

இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், பூங்கா எதுவானாலும் சரி. மூன்று படி இருந்தால் பலகை வைத்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. அரை அடிப் படி மூன்று என்றால் 18 அடி வேண்டும். சின்னப் பலகையில் ஏறினால் வீல்சேர் பின்பக்கம் கவிழும், நான் கவிழ்ந்திருக்கிறேன். வீல்சேர் நுழைகிற கழிப்பறை ஒன்றும் வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குப் போனில் சேர்ந்து பேச வழி வேண்டும்.

அப்புறம், எல்லாக் குறைபாடும் கண்ணுக்குத் தெரியாது. சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. என் தோழியின் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. எளிய வார்த்தையில் சொல்லி, கொஞ்சம் நேரம் கொடுத்தால், எங்கள் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று அவன் சரியாகச் சொல்வான். தினமும் அந்த வழியில் நடக்கிறவன் அவன்தான்.

அடுத்த அறிவிப்பில் சேர்க்க வேண்டிய வரியை நானே எழுதித் தருகிறேன். கன்னடத்தில் போட்டு, உங்கள் வார்டில் பேசுகிற மற்ற மொழிகளிலும் போடுங்கள்:

"இந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ள உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா? கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு இந்த எண்ணில் சொல்லுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்."

கீழே, போனை எடுக்கிற ஒருவரின் எண்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு ஒன்றில் வசிக்கும் குடிமகள்
பெங்களூரு