கல்லீரல் கட்டுரையில் விடுபட்ட நார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் கல்லீரல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செல்கள் செய்யும் வேலைகளையெல்லாம் விளக்கமாக எழுதிய கட்டுரையாளர், செல்களைத் தாங்கிப் பிடிக்கும் நார்களாலான இணைப்புத் திசுவை மட்டும் ‘இடைவெளியை நிரப்புவது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பயாப்ஸி (நோயறிய எடுக்கும் திசுத் துணுக்கு) ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயமேற்றுவது என் தொழில். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

நல்ல கல்லீரலின் சீவலுக்கு வெள்ளி உப்புச் சாயம் ஏற்றினால், செல் வரிசைகளை ஒட்டி மெல்லிய கறுப்பு நார்கள் வலையாக ஓடுவது தெரியும். செல்கள் அழிந்தாலும் வலை குலையாமல் இருந்தால், புதுச் செல்கள் பழைய இடத்திலேயே வளர்ந்துவிடும். வலை சரிந்துவிட்டால் கண்டபடி முண்டு முண்டாக வளரும்.

கல்லீரலில் நார் மிகுந்து தழும்பேறும் நோயான சிரோசிஸில் சிக்கலே வேறு. மேசன் டிரைக்ரோம் சாயத்தில் நார்களின் புரதமான கொலாஜன் நீலமாகவும் செல்கள் சிவப்பாகவும் தெரியும். நல்ல கல்லீரலில் பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி மட்டும் கொஞ்சம் நீலம் இருக்கும். சிரோசிஸில் எங்கு பார்த்தாலும் பட்டை பட்டையாக நீலம், நடுவே தீவுகளாகச் சிவப்பு. தீவுகளில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் பட்டைகள் ரத்த ஓட்டத்தை மறிப்பதால் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிப்பதும் அதன் விளைவுகள். முழு உறுப்பாக எங்களிடம் வந்தால் கத்தி வைக்கும்போதே தெரிந்துவிடும், அவ்வளவு கடினம். கல்லீரலை வெளியிலிருந்தே சோதிக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவி அளப்பதும் இந்த விறைப்பைத்தான்.

இதயத்திலும் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே ஒரு நார்த்தட்டு உண்டு. மேலறையின் மின்துடிப்பு கண்ட இடத்தில் கீழே பாயாமல், ஒரே கற்றை வழியாக இறங்கும்படி செய்வது அதுதான்.

அப்புறம், 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லர் குழுவினர் செய்த சோதனை. எலி இதயத்திலிருந்து செல்களைச் சோப்புப் போன்ற கரைசலால் கழுவி எடுத்துவிட்டார்கள். அறைகளும் வால்வுகளும் வடிவம் மாறாத வெளிறிய நார்க்கூடு மிஞ்சியது. புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளின் இதயச் செல்களை அந்தக் கூட்டில் செலுத்தியதும், சில நாட்களில் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. வெறும் நிரப்புப் பொருள் இதைச் செய்யுமா?

சிரோசிஸ் பற்றி அடுத்து எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். அதிலாவது சாயமேற்றிய ஸ்லைடு படம் ஒன்றைச் சேருங்கள். தயவுசெய்து வண்ணத்தில் போடுங்கள்; கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நாரும் செல்லும் ஒன்றுபோலத் தெரியும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்