டைசன் விழுந்த நாள்

சாட்ஸ்வர்த், டர்பன்
பிப்ரவரி 13

அன்புள்ள லோகா,

வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதெல்லாம் கேட்டேன். எனக்கென்னவோ எழுதினால்தான் உன்னோடு பேசிய மாதிரி இருக்கிறது. கோயில் வகுப்பில் குட்டு வாங்கிப் படித்த தமிழை உன்னை விட்டால் வேறு யாருக்கு எழுதப்போகிறேன்? முட்டிவலி அப்படியேதான். மாமரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டிவிட்டது. மருமகள் ஊறுகாய் போட்டிருக்கிறாள். கேப்டவுனுக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை. ஏதாவது ஒரு தேதியை எடுத்து, அன்று உலகத்தில் என்னென்ன நடந்தது என்று எழுத வேண்டுமாம். பிப்ரவரி 11ஐ எடுத்திருக்கிறாள். போனைத் தட்டி, 1929இல் வாத்திகன் தனி நாடாக ஒப்பந்தம், 1979இல் ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்தது, 2011இல் எகிப்தில் முபாரக் இறங்கியது என்று அடுக்கினாள். “1990ஐ நீங்க சொல்லுங்க தாத்தா” என்றாள். மண்டேலா என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். வாயில் வந்தது டைசன்!

உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குத்தான் டோக்கியோவில் குத்துச்சண்டையில் பஸ்டர் டக்ளஸ் டைசனைச் சாய்த்தான். அங்கே நடுப்பகல், நமக்கு விடிகிற நேரம். 37 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காதவன் டைசன். டக்ளஸ் ஜெயிப்பான் என்பதற்கு லாஸ் வேகாஸில் பந்தயம் 42க்கு 1. எட்டாவது சுற்றில் டக்ளஸ்தான் விழுந்தான். எண்ணி முடிப்பதற்குள் எழுந்து, பத்தாவதில் டைசனைப் படுக்கவைத்தான். வாயில் கடித்திருந்த ரப்பர் தெறித்துப்போக, டைசன் முட்டிபோட்டுத் தரையைத் தடவித் தேடினானே, அதைப் பின்னால் வீடியோவில் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

தைப்பூச விரதம் முடிந்த முதல் ஞாயிறு. வீட்டில் ஆட்டுக்கறி. அப்பா வந்தவன் போனவனையெல்லாம் உட்காரவைத்து டைசன் கதைதான். நாளைக்கு மண்டேலாவுக்கு விடுதலை என்று அதிபர் டி கிளார்க் முதல்நாளே அறிவித்தாயிற்று, தெருவெல்லாம் அதே பேச்சு. அப்பா மட்டும் அந்தப் பேரையே எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இனம் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கேட்டோ மேனர் வீட்டையும் கீரைப் பாத்தியையும் விட்டுவிட்டு லாரியில் இங்கே வந்து இறங்கியவர் அவர். லேடிஸ்மித்துக்குப் போகும்போது, மண்டேலா பிடிபட்ட ஹோவிக் வந்தால் மட்டும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, “62இல் இங்கேதான் பிடிச்சாங்க” என்பார். அதோடு சரி.

மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். டிவியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் சிறை வாசலையும் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே கறி ஆறிப்போயிற்று. நாலேகால் வாக்கில் மனைவி வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பழைய படத்தில் பார்த்த கட்டுமஸ்தான ஆளைத்தான் இத்தனை வருஷமும் மனசில் வைத்திருந்தோம். வந்தவர் நரைத்து, மெலிந்து, நெடுநெடுவென்று இருந்தார். “இவரா?” என்றாள் அம்மா. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். “நாப்பத்திரண்டுக்கு ஒண்ணு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து மனுஷன் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருட்டுகிற நேரத்தில் கேப்டவுன் சிட்டி ஹால் பால்கனியில் பேசினார் இல்லையா, அதற்குள் அப்பா தூங்கிவிட்டார். தன் கண்ணாடியைச் சிறையிலேயே மறந்துவிட்டு, வின்னியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பேச்சைப் படித்தார் என்று பிற்பாடு தெரிந்ததும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அப்பாவும் அவள் கண்ணாடியைப் பிடுங்கித்தானே பேப்பர் படிப்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி, “அங்கேயே நின்ன தாத்தா ஒருத்தர் இருக்காரே, அவரைக் கேளுங்க” என்கிறாள். சிட்டி ஹால் எதிரே கிராண்ட் பரேட் மைதானத்தில் எத்தனை மணிக்குப் போய் நின்றாய், நீ நின்ற இடத்துக்கு அவர் குரல் கேட்டதா, ஒற்றைச் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தாய், எல்லாம் விவரமாக எழுது. இந்தக் கடிதத்தை அவளே படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டுமாம். தொலைந்தது எந்தக் கால் செருப்பு என்றும் கேட்கச் சொன்னாள்.

உன்
கணேசன்