சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன மூன்று தம்பிகளுக்கும் வணக்கம்.

அன்றிரவு என் மகள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். முதலில் போன இடத்தில் ஸ்கேன் பார்த்தார்கள். சிறுநீரகக் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது, சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட நான் பேனாவையும் வாங்கிவிட்டேன்.

அங்கே இருந்த பயிற்சி மருத்துவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பருக்கள் என்று நாங்கள் பத்து வருடமாகக் களிம்பு தடவிய சிவந்த மொட்டுகள். பிறகு கெண்டைக்காலில் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து, "சின்ன வயதில் வலிப்பு வந்ததா, அம்மா?" என்று கேட்டார். வந்தது. ட்யூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன்; உடம்பில் பல உறுப்புகளில் கட்டி வளரச் செய்யும் மரபணு நோயாம். "இந்த நோயில் இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி வளரும். ஒன்றை எடுத்துவிட்டால் நாளைக்கு மற்றதில் வெடித்தால் என்ன செய்வீர்கள்?" தம்பி, அந்த ஒரு கேள்விக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அவர் அனுப்பிய இடத்தில் கத்தியே வைக்கவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே சிறுநீரகம் வரை செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் அடைத்தார்கள். எம்போலைசேஷன் என்று பெயராம். முடிந்ததும் மருத்துவர் படத்தைக் காட்டினார்: முன்பு புதர்போல் இருந்த ஒரு மூலை வெறுமையாக, மற்ற கிளைகளெல்லாம் அப்படியே. கட்டி புற்று இல்லை, ரத்தக்குழாயும் தசையும் கொழுப்பும் சேர்ந்தது, அதன் குழாய்ச் சுவர் பலவீனமானதால் உப்பி வெடித்தது என்று பொறுமையாக விளக்கினார்.

இரவு முழுக்கக் காலை மடக்கவிடாமல் பார்த்துக்கொண்ட செவிலியர் அக்கா, மறுநாள் காய்ச்சல் வந்து நான் பதறியபோது, "கட்டி சாகிறது, அதனால்தான்" என்றீர்களே, அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மரபணு ஆலோசகருக்குத் தனி வணக்கம். எனக்கும் என் கணவருக்கும் இந்த நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் இல்லை, மூன்றில் இரண்டு பேருக்கு இது புதிதாகவே வருகிறது என்று என் மாமியார் முன்னால் சொன்னீர்கள். இருபது வருடப் பேச்சு அன்றோடு நின்றது.

இப்போது மற்ற கட்டிகள் சுருங்க எவரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறாள். வாயில் புண் வருகிறது, திட்டிக்கொண்டே விழுங்குகிறாள்.

மூன்று தம்பிகளே, எங்களிடம் இருக்கும் சீட்டில் ரத்தப் பையின் எண் மட்டுமே இருக்கிறது. இதைப் படித்தால் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.